ஆள் தேடுவதை ஒரு வருஷம் நிறுத்துங்கள்: வேலூர்ப் பக்கத்துத் தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், ரத்ததானக் குழு, அன்னதானம், மாலை வகுப்பு என்று ஏதோ ஒன்றை இழுத்துப் பிடித்து நடத்திவரும் செயலாளர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் வணக்கம். 2019-இல் மூன்றாகப் பிரித்தார்கள் என்பதற்காக மூன்று பெயரையும் எழுதினேன். என் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் வட ஆற்காடுதான்.

போன மாதம் கிரீன் சர்க்கிள் அருகே பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே ஒரு ஃபிளெக்ஸ் தொங்கியது. 'தன்னார்வலர்கள் தேவை, சேவை செய்ய வாரீர்' என்று பெரிய எழுத்து. நிர்வாகிகள் ஆறு பேரின் முகம். கீழே ஒரு மொபைல் நம்பர். என்ன வேலை, எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், ஒன்றும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் டிபார்ட்மென்டில் ஆபரேட்டராகக் குப்பை கொட்டியவள் நான். நம்பரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அடித்தேன், ரிங் போய் நின்றது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒருவர் எடுத்து, "பேரு, ஏரியா வாட்ஸ்அப்ல போடுங்க மேடம், கூப்புடுறோம்" என்றார். போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. இன்னும் கூப்பிடவில்லை.

அது யாருடைய ஃபிளெக்ஸ் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அதே மாதிரி ஃபிளெக்ஸ் நான் வேலை செய்யும் இடத்திலும் அடித்திருக்கிறோம். என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒரு வருஷத்துக்குப் புது ஆள் சேர்க்காதீர்கள். அந்த ஒரு வருஷமும், ஏற்கெனவே உங்கள் நோட்டில் பெயர் எழுதிவிட்டு நின்றுபோனவர்களைக் கூப்பிட்டு, ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். 2020 ஜனவரி 31-ஆம் தேதி பி.எஸ்.என்.எல்.-இல் நாடு முழுக்க எழுபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருத்தி. வீட்டில் உட்கார்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்துவிட்டது. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளம், ஜார்கண்ட், அசாம் குடும்பங்கள் தோட்டப்பாளையம், காந்தி ரோடு லாட்ஜுகளில் மாட்டிக்கொண்டன. மே மாதம் காட்பாடியிலிருந்து ஜார்கண்டுக்குச் சிறப்பு ரயில் விடும்வரை அவர்களில் பலருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம்தான். பொட்டலம் கட்டப் போனவள் அப்படியே ஓர் அமைப்பில் ஒட்டிக்கொண்டேன். போன் பேசத் தெரியும் என்பதால் தன்னார்வலர் பட்டியல் என் தலையில் விழுந்தது.

போன மழைக்காலத்தில் ஆபீஸ் பீரோ ஒழுகுகிறது என்று காகிதங்களை வெளியே எடுத்தோம். அடியில் ஒரு நீள நோட்டு. அட்டையில் 'வாலண்டியர்ஸ்'. உள்ளே 63 பெயர்கள், நம்பரோடு. சிலர் பெயருக்கு எதிரே ரத்த குரூப். ஒரே ஒருவர் 'நன்றாகப் பாடுவேன்' என்று எழுதியிருந்தார். அந்த 63-இல் அன்றைக்கு எங்களோடு இருந்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு சேவை மனப்பான்மை இல்லம்மா" என்றார் எங்கள் பொருளாளர். நோட்டில் பாதிக்குமேல் நாற்பது வயது தாண்டியவர்கள் என்பதை அவர் பார்க்கவில்லை.

பதினோரு மத்தியானம் உட்கார்ந்து கூப்பிட்டேன். ஆபரேட்டரிடம் புக் செய்து வெளியூருக்குப் பேசிய டிரங்க் கால் காலத்தில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. 180-இல் புக் செய்யும்போதே யாரோடு பேச வேண்டும் என்று பெயர் சொல்ல வேண்டும். அந்த ஆள் லைனுக்கு வந்தால்தான் கால் கணக்கில் ஏறும். அதற்குக் கட்டணம் கூட. சாதாரண காலுக்கு யார் எடுத்தாலும் சரி. நாம் தன்னார்வலர்களை இத்தனை நாளும் சாதாரண காலில்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு இரண்டாம் நாளே உறைத்தது.

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர் சொன்னார்: "டேலி நல்லா போடுவேன்னு மொத நாளே சொன்னேங்க. சாம்பார் வாளியைக் குடுத்தாங்க. சரி, அதுவும் சேவைதானேன்னு ரெண்டு ஞாயிறு தூக்கினேன். எங்க கம்பெனியில மாசக் கடைசி வந்துச்சு, லீவு சொன்னேன். அப்பறம் யாரும் கூப்புடல." அந்தச் சமயத்தில் எங்கள் ரசீதுக் கட்டுகள் மூன்று மாதமாக எழுதப்படாமல் கிடந்தன. ஆடிட்டர் கத்திக்கொண்டிருந்தார்.

குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மா ஒருவர்: "ஒரு நாள் வந்தா ஆயிரம் பீடி போச்சுக்கா. அது போனாப் போவுது. பஸ்ஸுக்கு யாரு குடுப்பா?" பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸுக்குத்தான். ரூட் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

காலேஜ் பெண் ஒருத்தி: "வந்தங்கா. மூணு மணி நேரம் சேர்ல ஒக்கார வெச்சாங்கோ. அப்பறம் பேனர் புடிச்சிகினு போட்டோக்கு நிக்கச் சொன்னாங்கோ. இன்னாத்துக்கு வந்தேன்னே தெர்ல."

பள்ளிகொண்டா பையன் ஒருவன் கேட்டோடு திரும்பியிருக்கிறான். காவலாளிக்கு அவன் வருவது தெரியாது. "பெரியவர் இல்ல, அப்பறமா வா" என்றிருக்கிறார். சித்திரை வெயிலில் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டான். வேலூர்ச் சித்திரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொருவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். வெள்ள நிவாரணத்துக்கு எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்று ஒரு கூட்டத்தில் கேட்டாராம். அடுத்த வாரத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லை.

ஒரு நம்பரை ஒரு பெண்மணி எடுத்தார். பெயரைச் சொல்லிக் கேட்டேன். "அவர் போயி எட்டு மாசம் ஆவுதும்மா" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் அன்னதானத்தில் வாழை இலை நறுக்கிக் கொடுத்தவர். நான் வருவதற்கு முந்தைய காலம். சாவுக்கு எங்களிடமிருந்து ஒருவரும் போகவில்லை. தெரிந்தால்தானே போவார்கள். அந்த அம்மா குறை சொல்லவில்லை. "அந்த இலை நறுக்கற கத்தி இங்கதான் இருக்கு, ஒங்களுதான்னு நெனைக்கறேன், வந்து எடுத்துக்குங்க" என்றார். ரப்பர் பேண்ட் சுற்றி, பேப்பரில் மடித்து வைத்திருந்தார். போய் வாங்கி வந்தேன். இப்போது அது என் மேசை டிராயரில் இருக்கிறது. அன்னதானக்காரர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை.

இந்தப் பதினோரு மத்தியானத்தில், சேவை மனப்பான்மை இல்லை என்று சொல்லும்படி எனக்குக் கிடைத்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ராங் நம்பர்.

இனி நிர்வாகத்துக்கு வருகிறேன். 2021 நவம்பரில் பாலாற்றில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். நீரில்லா ஆறு என்று நம்மை நாமே கிண்டல் செய்துகொண்ட ஆறு, கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் நிவாரணத் துணி சேர்த்தோம். நாற்பது பேர் உதவிக்கு வந்துவிட்டார்கள். மூட்டைகளும் வந்துகொண்டே இருந்தன. ஒன்றைப் பிரித்தால் கிழிந்த பட்டுப்பாவாடை, ஒற்றைச் செருப்பு, போன வருஷக் காலண்டர். எது யாருக்கு, எங்கே போட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. பொறுப்பானவர்கள் கலெக்டர் ஆபீஸில் இருந்தார்கள். நாற்பது பேரும் துணிமலையைச் சுற்றி நின்று செல்போன் பார்த்தார்கள், சிலர் மலையோடு செல்ஃபி எடுத்தார்கள். பிறகு பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்கிருந்தோ ஒரு சாக்பீஸ் கொண்டுவந்து தரையில் கட்டம் போட்டாள். பெரியவர் சேலை, நைட்டி, பிள்ளைத் துணி, போர்வை, வீண். கட்டத்துக்கு நாலு பேர் என்று அவளே பிரித்துவிட்டாள். மாலைக்குள் பாதி மண்டபம் காலியானது. அவள் பெயரை நாங்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த மாதிரி ஆளைத்தான் இப்போது ஃபிளெக்ஸ் அடித்துத் தேடுகிறோம்.

உங்கள் அமைப்பில் அந்தச் சாக்பீஸைப் பிடிக்கிற ஆள் யார்? அரிசிக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார். ஜெனரேட்டருக்கு வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். வந்து போகிற மனிதர்களுக்கு என்று ஒருவரும் கிடையாது. செயலாளரே பார்த்துக்கொள்கிறார் என்பீர்கள். செயலாளருக்கு நூறு வேலை. ஒரே ஒருவரை, முடிந்தால் சம்பளம் கொடுத்தே, இதற்கு என்று வையுங்கள். அவர் வேலை என்ன? யார் வருகிறார் என்று முன்னாடியே தெரிந்திருப்பது, வந்ததும் ஐந்து நிமிஷத்துக்குள் கையில் ஒரு வேலை கொடுப்பது, ஒரு வாரம் வராவிட்டால் கூப்பிடுவது, போகும்போது பஸ் காசு கொடுப்பது. தன்னார்வலருக்குக் காசா என்று முகம் சுளிக்காதீர்கள். அது கூலி இல்லை, அவர் கைக்காசைச் செலவழிக்காமல் பார்த்துக்கொள்வது. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் அரசாங்கமே தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தது. நம் வரவு செலவில் விருந்தினர் பொன்னாடைக்கு ஒரு தலைப்பு இருக்கும்போது இதற்கு ஒரு தலைப்பு இருந்தால் என்ன?

யாரைக் கேட்கிறோம் என்பதும் சரியில்லை. சி.எம்.சி.யைச் சுற்றிய தெருக்களில் கடைப் பலகைகூட வங்காளத்தில் இருக்கிறது. ரயிலைவிட்டு இறங்குகிறவருக்கு வழி சொல்லவும், ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கவும் இந்தி தெரிந்த ஆள் இல்லை என்று பல அமைப்புகள் புலம்பிக் கேட்டிருக்கிறேன். கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் என்று பெயர் வாங்கிய ஊர். ரிட்டயர் ஆகி வந்த சுபேதார்களும் ஹவில்தார்களும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது வருஷம் இந்தி பேசியவர்கள், ஐந்து மணி என்றால் நாலே முக்காலுக்கு நிற்கிறவர்கள். நாங்கள் போய் நேரில் கேட்டோம். 'சேவைக்கு வாங்க' என்று கேட்கவில்லை. 'செவ்வாய், வியாழன் காலை எட்டிலிருந்து பதினொன்று, காட்பாடி ஸ்டேஷன் வாசல், இந்தி பேச வேண்டும், இன்னாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்' என்று கேட்டோம். மூன்று பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர் மட்டும், "யூனிஃபார்ம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றதும் கொஞ்சம் வருத்தம்.

ரத்ததானக் குழுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த ஊருக்கு நீங்கள் செய்வதை நான் அறிவேன். வெளிமாநில நோயாளிக்கு ரத்தம் வேண்டும் என்றால் கூடவந்த அண்ணன், தம்பியைத் தவிர இங்கே அவருக்கு யார்? காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998-இலேயே நிறுத்தியாயிற்று. ஆகவே உங்கள் பட்டியல்தான் கதி. ஆனால் அந்தப் பட்டியலில் கடைசியாகக் கொடுத்த தேதி இருக்கிறதா? ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நாலு மாதம் இடைவெளி வேண்டும். எங்கள் தெருப் பையனைக் கொடுத்த மூன்றாவது வாரமே திரும்பக் கூப்பிட்டார்கள். "இப்பதானே குடுத்தேன்" என்றால், "எமர்ஜென்சி தம்பி" என்று பதில். ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணை, அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிட்டுக் கீரை சாப்பிட்டாயா, டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்பதில்லை. அவள் இனி வரமாட்டாள். அவளுக்குப் பதில் இன்னொரு பெயரைத் தேட நீங்கள் இன்னொரு காலேஜில் கேம்ப் போடுவீர்கள். ரத்தம் கொடுத்தவருக்கு இரண்டு நாள் கழித்து, 'அந்தப் பேஷன்டுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதுங்க' என்று ஒரு வரி அனுப்பிப் பாருங்கள், பெயர் எதுவும் வேண்டாம். மூன்று மாதம் முடிந்ததும் அவரே கூப்பிடுவார்.

குழந்தைகள் இல்லம் நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ளப் போவதை அடுத்து எழுதுகிறேன். யார் வந்தாலும் உள்ளே விடுகிறோம். பிறந்தநாள் என்று கேக்கோடு வருகிற குடும்பம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற அண்ணாக்கள், ஊர் பெயர் தெரியாத ஆங்கில டீச்சர். பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, கொடுப்பவர் வந்து சேரும்வரை ஒன்றரை மணிக்கும் இலை காலி. பிறகு நன்றிப் பாட்டு. பிறகு போட்டோ, அன்றைக்கே ஸ்டேட்டஸ். இல்லத்துப் பிள்ளையின் அடையாளம் தெரியும்படி படம் போடக் கூடாது என்று 2015-ஆம் வருஷச் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. நாமே போஸ் கொடுக்க வைக்கிறோம்.

நான் ஒருமுறை ஓர் இல்லத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவனோடு உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்த இன்ஜினியரிங் மாணவனைக் காட்டி என்னிடம் கேட்டான்: "இந்த அண்ணன் எத்தினி வாட்டி வருவாரு?" வருவாரா என்று கேட்கவில்லை பாருங்கள். இரண்டு வாரம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருந்தது.

இங்கே ஆள் சேர்ப்பதைவிட வேண்டாம் என்று சொல்வதுதான் பெரிய வேலை. போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேளுங்கள். தெரிந்த இரண்டு பேரிடம் விசாரியுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய கதவுக்குப் பின்னால் தனியாக இருக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். அது உங்கள் அறங்காவலருக்கும் பொருந்தும். ஆறு மாதம் தொடர்ந்து வர முடியாதவருக்குத் தோட்ட வேலை, கணக்கு வேலை, லைப்ரரி அடுக்கும் வேலை கொடுங்கள், பிள்ளைகளோடு வேண்டாம். பிள்ளையிடம் பாலியல் தப்பு நடந்ததாகத் தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்கிறது 2012-ஆம் வருஷப் போக்சோ சட்டம். முதல் நாள் பயிற்சியில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் இந்தச் சட்டத்தையும் வருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதெல்லாம் கேட்டால் நல்லவர்கள் மனம் நோகும், நன்கொடை போகும் என்று ஒரு செயலாளர் என்னிடம் சொன்னார். நோகட்டும்.

காலேஜ் நாட்டு நலப்பணித் திட்டத்து (என்.எஸ்.எஸ்.) மாணவர்களைப் பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. 'சர்டிஃபிகேட்டுக்கு வர்றானுங்க' என்று சொல்லாதீர்கள். வருஷத்துக்கு 120 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டிய பிள்ளைகள், சர்டிஃபிகேட்டுக்குத்தான் வருவார்கள். வந்த பிறகு நிற்பதும் போவதும் அந்த மணி நேரத்தில் நாம் என்ன கொடுத்தோம் என்பதில் இருக்கிறது. ஏழு நாள் கேம்பில் ஏழு நாளும் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னால் எட்டாம் நாள் எவன் வருவான்?

சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆயா, சமையல்காரர், காவலாளி, இவர்களையும் மறந்துவிடுகிறோம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வருகிற தன்னார்வலர் ஆயாவைப் பார்த்து, "டயாபர் இப்படியா கட்டுவாங்க?" என்று கேட்பார். அவர் போன பிறகு ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தூக்கிவைத்திருப்பவர் அந்த ஆயாதான். புதிதாக வருகிறவர் முதல் வாரம் ஆயாவின் கீழேதான் வேலை பார்க்க வேண்டும் என்று நாங்கள் வைத்தோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். நாங்கள் திரும்பக் கூப்பிடவில்லை. இதுதான் நான் கூப்பிடாமல் விட்ட ஒரே கணக்கு.

63 பேரில் பதினேழு பேர் திரும்ப வந்திருக்கிறார்கள். ரசீதுக் கட்டுகளை டேலிக்காரர் இரண்டு சனிக்கிழமையில், வீட்டிலிருந்தே, எழுதி முடித்துவிட்டார். பீடி சுற்றும் அம்மாவை வேலூருக்கு வரச் சொல்வதை நிறுத்திவிட்டோம். அவர் தெருவிலேயே படுத்த படுக்கையாக இருக்கும் இரண்டு பாட்டிகளை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார். 'நன்றாகப் பாடுவேன்' என்று எழுதியவர் சென்னைக்குப் போய்விட்டார்.

பள்ளிகொண்டா பையன் வருகிற ஞாயிறு காலை ஒன்பதுக்கு வருகிறேன் என்றிருக்கிறான். எங்கள் இடத்துக்கு அல்ல. அவன் வீட்டிலிருந்து பக்கம் என்பதால், உங்களில் ஒருவருடைய முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறேன். யார் என்று உங்களுக்குத் தெரியும், நேற்று போனில் பேசினோம். மருந்து டப்பாக்களில் தேதி பார்த்து அடுக்கும் வேலை என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் பெயரையும் வண்டி நம்பரையும் சனிக்கிழமை ராத்திரியே உங்கள் காவலாளியிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தி,
காட்பாடி